தாய்மாமன் தொலைந்த மொழி: ஸ்பானிய உறவுச்சொற்களின் லத்தீன் வேர்கள்

கிறிஸ்தவக் குருவானவரைத் தமிழில் பாதிரியார் என்கிறோம். போர்த்துக்கீசியர் நம் கடற்கரையில் விட்டுச்சென்ற சொற்களில் அதுவும் ஒன்று. அவர்கள் மொழியில் 'பாத்ரே' என்றால் குருவானவர். பக்கத்து மொழியான ஸ்பானிஷிலும் அதே 'பாத்ரே' உண்டு. அங்கே அது தேவாலயத்துக் குருவையும் குறிக்கும், வீட்டில் இருக்கும் அப்பாவையும் குறிக்கும். இரண்டுமே 'பாத்தெர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்தவை. ஆகவே ஸ்பானிய உறவுச்சொற்களின் வேரைத் தேடிப் போகும் தமிழ் வாசகர் முற்றிலும் அந்நியமான இடத்துக்குப் போகவில்லை.

கி.மு. 218-இல் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலுக்கு எதிரான போரின்போது ரோமானியப் படை இன்றைய கட்டலோனியக் கரையில் இறங்கியது. ஐபீரியத் தீபகற்பம் முழுவதும் ரோமின் கைக்கு வந்தது கி.மு. 19-இல். இந்த இரண்டு நூற்றாண்டுகளிலும் அதற்குப் பின்னரும் படைவீரர்கள், வணிகர்கள், நிலம் பெற்றுக் குடியேறியவர்கள் ஆகியோரின் வாயில் லத்தீன் அங்கே பரவியது. அது சிசெரோவின் மேடைப்பேச்சில் இருந்த லத்தீன் அல்ல, சந்தையிலும் அடுக்களையிலும் புழங்கிய பேச்சு லத்தீன். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளி பழகிப்போன நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஸ்பானிஷ் அந்தப் பேச்சு வழக்கின் பிள்ளை. உறவுச்சொற்களோ வீட்டுக்குள்ளேயே புழங்குபவை, ஏடு பார்த்து யாரும் கற்றுக்கொள்ளாதவை. அதனால் பேச்சு லத்தீனின் தடம் அவற்றில் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

இந்தச் சொற்களில் இரண்டு வகை மாற்றங்களைக் காணலாம். ஒன்று ஒலித் தேய்வு. அது விதிகளுக்கு உட்பட்டது, நான்கைந்து விதிகள் தெரிந்தால் போதும். மற்றொன்று, சொல் ஒரு உறவை விட்டு இன்னொரு உறவுக்குக் குடிபெயர்வது. பாடநூல்கள் முதலாவதையே விரிவாகப் பேசுகின்றன. எனக்கு இரண்டாவதுதான் பெரிய கதையாகப் படுகிறது. லத்தீனின் உறவுமுறை ஏறக்குறைய நம்முடையதைப் போலவே நுணுக்கமானது. அந்த நுணுக்கம் ஸ்பானிஷில் எப்படிக் கரைந்தது என்பதைத் தமிழ் வாசகரால் மற்றவர்களைவிட நன்றாக உணர முடியும்.

முதலில் ஒலி.

லத்தீனில் 'பாத்தெர்' என்பது எழுவாய் வடிவம். 'தந்தையை' என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்ல வேண்டுமானால் 'பாத்ரெம்' ஆகும். ஸ்பானியப் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்தே வந்தன. சொல்லின் கடைசியில் நின்ற மகர மெய் பேச்சில் வெகு முன்னதாகவே உதிர்ந்துவிட்டது. எஞ்சிய 'பாத்ரே'யின் நடுவில் இருந்த ஒலி மெலிந்தது. 'பத்து' என்று சொல்லும்போது தகரம் வல்லோசையாகவும், 'பதம்' என்று சொல்லும்போது அதே தகரம் நெகிழ்ந்தும் ஒலிக்கிறது அல்லவா? லத்தீன் 'பாத்ரெம்' முதல் வகை, ஸ்பானிய 'பாத்ரே' இரண்டாம் வகை. அம்மாவுக்கும் இதே கதைதான்: 'மாத்தெர்', 'மாத்ரெம்', பின்பு நெகிழ்ந்த தகரத்தோடு 'மாத்ரே'. தமிழில் ஓர் எழுத்துக்குள்ளேயே அடங்கிவிடும் இந்த வேறுபாட்டுக்கு ஸ்பானிஷ் இரண்டு தனி எழுத்துகளை வைத்திருக்கிறது.

மகனுக்கான சொல் இதைவிட நீண்ட பயணம் போனது. லத்தீனில் 'ஃபீலியுஸ்', இரண்டாம் வேற்றுமையில் 'ஃபீலியும்'. இன்றைய ஸ்பானிஷில் 'இஹோ'. ஒன்றுக்கொன்று எந்த ஒட்டுறவும் இல்லாதவை போலத் தோன்றுகின்றன. இடையில் நடந்தது இதுதான். சொல்லின் நடுவே 'லி'யும் அடுத்த உயிரும் சேர்ந்து முதலில் லகரமும் யகரமும் குழைந்த ஒலியாயிற்று, பின்பு பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் மென்மையான 'ஜ' போன்ற ஒலியாயிற்று. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அது தொண்டைக்குள் இறங்கி, இன்று ஸ்பானியர் 'ஹோத்தா' என்று பெயர் சொல்லும் எழுத்தின் கரகரப்பான ஒலியாக நின்றது. 'முலியெர்' என்ற லத்தீன் சொல் 'முஹேர்' ஆனதும் இதே வழியில்தான். லத்தீனில் அதற்குப் பெண் என்பது பொருள். ஸ்பானிஷில் பெண் என்றும் பொருள், மனைவி என்றும் பொருள்.

சொல்லின் தொடக்கத்தில் இருந்த 'ஃப' இன்னும் சுவையானது. ஏறத்தாழ 1200-ஐ ஒட்டி இயற்றப்பட்ட, சித் என்ற வீரனைப் பாடும் ஸ்பானியக் காவியத்தில் நாயகனின் மகள்கள் 'ஃபிஹாஸ்' என்றே எழுதப்படுகிறார்கள், 'ஃப' அங்கே நிற்கிறது. ஆனால் காஸ்தீல் பகுதி மக்களின் பேச்சில் அது ஏற்கெனவே வெறும் மூச்சொலியாக மாறத் தொடங்கியிருந்தது. 1492-இல் நெப்ரிஹா ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கண நூலை வெளியிட்ட காலத்தில் அந்த ஹகர மூச்சு இன்னும் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. இன்று 'ஆச்சே' என்ற எழுத்து மட்டும் சொல்லின் தலையில் ஒலியின்றி நிற்கிறது. காஸ்தீலின் அண்டையில் பாஸ்க் மொழி பேசப்பட்டதும், அந்த மொழியில் பழங்காலத்தில் 'ஃப' ஒலி இல்லாததுமே இதற்குக் காரணம் என்றார் ஸ்பானிய மொழியறிஞர் ராமோன் மெனேந்தெஸ் பிதால். எல்லா மொழியியலாளரும் இதை ஏற்கவில்லை, ஆனாலும் இன்றுவரை அதிகம் பேசப்படும் விளக்கம் அதுதான். போர்த்துக்கீசியத்திலும் இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் மகனுக்கான சொல் இன்றைக்கும் 'ஃப'வில்தான் தொடங்குகிறது.

அப்படியானால் குடும்பத்தைக் குறிக்கும் 'ஃபமீலியா' என்ற ஸ்பானியச் சொல்லில் மட்டும் 'ஃப' எப்படித் தப்பியது? அது பேச்சில் உருண்டு வந்த சொல் அல்ல, ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் என்பதே விடை. அதில் 'லி'யும் சிதையவில்லை. 'இஹோ'வும் 'ஃபமீலியா'வும் ஒரே வாக்கியத்தில் வரும்போது ஒன்று வாய்வழி வந்தது, மற்றது எழுத்துவழி வந்தது என்று தொடக்கநிலை மாணவரும் சொல்லிவிட முடியும். 'ஃபமீலியா'வின் லத்தீன் வேர் 'ஃபமுலுஸ்', அதாவது வேலையாள் அல்லது அடிமை. ரோமானியனுக்கு அந்தச் சொல் முதலில் தன் கைக்குள் இருக்கும் வீட்டார் அனைவரையும், குறிப்பாக அடிமைகளைச் சுட்டியது. பெற்றோரும் பிள்ளைகளும் மட்டுமான சிறு வட்டம் என்ற பொருள் மிகப் பிந்தியது.

இன்னும் ஒரே ஒரு ஒலி விதி. லத்தீனில் அழுத்தம் பெற்ற குறில் 'ஒ' ஸ்பானிஷில் 'உவே' ஆகும், அழுத்தம் பெற்ற குறில் 'எ' 'இயே' ஆகும். தாத்தா, பாட்டி, பேரன், மாமனார், மருமகன் என்று வரிசையாக எல்லாச் சொற்களிலும் இந்த விதி தலைகாட்டும்.

தாத்தாவை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் 'அவுஸ்' என்றால் தாத்தா, 'அவியா' என்றால் பாட்டி. அப்பாவழி, அம்மாவழி என்ற பிரிவு பெயரிலேயே இல்லை. வேண்டுமானால் அடைமொழி சேர்த்துக்கொள்வார்கள். பேச்சு லத்தீனில் மக்கள் 'அவியா'வோடு செல்ல விகுதி சேர்த்து 'அவியோலா' என்றார்கள். அதிலிருந்து வந்ததே ஸ்பானிஷின் 'அபுவேலா'. தாத்தா 'அபுவேலோ' ஆனார். இன்று மெக்சிகோவிலோ கொலம்பியாவிலோ ஒரு குழந்தை பாட்டியை 'அபுவேலீத்தா' என்று கூப்பிடும்போது, பழைய செல்ல விகுதி தேய்ந்து மறைந்த சொல்லின் மேல் புதிய செல்ல விகுதி ஒன்று ஏறியிருக்கிறது. பாட்டியைச் செல்லமாகக் கூப்பிடாமல் எந்தத் தலைமுறைக்கும் மனம் ஆறவில்லை போலும்.

இனி இடம்பெயர்ந்த சொற்கள். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'எர்மானோ', அதாவது சகோதரன்.

லத்தீனில் சகோதரனுக்குச் சொல் 'ஃப்ராத்தெர்'. பிரெஞ்சு, இத்தாலியம், ருமேனியம் மூன்றும் அதையே வைத்துக்கொண்டன. ஐபீரியத் தீபகற்பம் மட்டும் வேறு வழியில் போனது. ஏன் என்று புரிய நம் வீட்டுப் பேச்சைக் கவனித்தால் போதும். "இவர் என் அண்ணன்" என்று ஒருவர் சொன்னால், "கூடப்பிறந்த அண்ணனா, பெரியப்பா மகனா?" என்று நாம் கேட்கிறோம். ரோமானியர்களுக்கும் அதே சிக்கல் இருந்தது. தந்தையின் சகோதரன் மகனையும் 'ஃப்ராத்தெர்' என்றே அவர்கள் சொல்வதுண்டு. பிரித்துக்காட்ட 'ஃப்ராத்தெர் பத்ருயேலிஸ்' என்பார்கள். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவன் என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'ஃப்ராத்தெர் கெர்மானுஸ்'. 'கெர்மானுஸ்' என்ற அடைமொழியின் வேர் முளை, வித்து என்ற பொருள் கொண்ட 'கெர்மென்' என்ற சொல்லோடு தொடர்புடையது. ஒரே வித்தில் முளைத்தவன், உடன்பிறந்தவன் என்று கொள்ளலாம்.

பிறகு கிறிஸ்தவம் பரவியது. மடங்களில் இருந்த துறவிகள் ஒருவரையொருவர் 'ஃப்ராத்தெர்' என்று அழைத்தனர், கன்னியர் 'சோரோர்' என்று அழைத்தனர். 'ஃப்ராத்தெர்' என்றால் மடத்துச் சகோதரன் என்ற பொருள் வலுத்தது. வீட்டுச் சகோதரனைச் சுட்ட அடைமொழி கட்டாயமாயிற்று, அடைமொழியே போதும் என்று பெயர்ச்சொல் கைவிடப்பட்டது. 'கெர்மானுஸ்' தலையில் இருந்த ககரம் உதிர்ந்து 'எர்மானோ' ஆனது. பெண்பால் 'எர்மானா'. போர்த்துக்கீசியமும் கட்டலானும்கூட இதே அடைமொழியைத்தான் எடுத்துக்கொண்டன.

'ஃப்ராத்தெர்' சாகவில்லை. துறவியரின் பெயருக்கு முன் வரும் 'ஃப்ராய்' என்ற பட்டமாக அது வாழ்கிறது. அமெரிக்கப் பழங்குடிகளுக்காக 16-ஆம் நூற்றாண்டில் வாதாடிய ஃப்ராய் பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் என்ற பெயரில் அதைக் காணலாம். 'சோரோர்' தேய்ந்து 'சோர்' ஆனது. 17-ஆம் நூற்றாண்டின் மாபெரும் மெக்சிகோக் கவிஞரும் கன்னித்துறவியுமான சோர் ஹுவானா இனேஸ் தெ லா க்ரூஸ் இன்று மெக்சிகோவின் 100 பெசோ நோட்டில் இருக்கிறார். லத்தீனில் வீட்டுக்குள் இருந்த அக்காளும் தங்கையும் ஸ்பானிஷில் மடத்துக்குள் போய்விட்டார்கள்.

மூத்தவர், இளையவர் என்ற பிரிவு ஸ்பானிஷில் இல்லையா என்று தமிழர் உடனே கேட்பார்கள். இல்லை, லத்தீனிலும் இருந்ததில்லை. அண்ணனை 'மூத்த எர்மானோ' என்று அடைமொழியோடுதான் சொல்ல வேண்டும். கூடவே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷில் ஆண்பால் பன்மை இருபாலாரையும் சேர்த்துக் குறிக்கும். 'எர்மானோஸ்' என்றால் சகோதரர்கள் என்றும் சகோதர சகோதரிகள் என்றும் பொருள்படும். 'பாத்ரேஸ்' என்றால் தந்தைமார், அல்லது தாயும் தந்தையும். இதனால் பெற்றோருக்கு லத்தீனில் இருந்த 'பரெந்தெஸ்' வேலையிழந்து, பொதுவான உறவினரைச் சுட்டும் 'பரியேந்தே' ஆகிவிட்டது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் இந்தச் சொல்லைப் பார்த்ததும் பெற்றோர் என்று எண்ணித் தடுமாறுவதுண்டு.

அடுத்து, பெற்றோரின் உடன்பிறந்தவர்கள். லத்தீனும் தமிழும் இங்கேதான் ஒன்றையொன்று மிகவும் நெருங்குகின்றன. ஸ்பானிஷ் இரண்டையும் விட்டு விலகுவதும் இங்கேதான்.

ரோமானியக் குழந்தைக்கு நான்கு தனித்தனிச் சொற்கள் இருந்தன. அப்பாவின் சகோதரன் 'பத்ரூஸ்', அம்மாவின் சகோதரன் 'அவுங்குலுஸ்', அப்பாவின் சகோதரி 'அமித்தா', அம்மாவின் சகோதரி 'மாத்தெர்த்தெரா'. பெரியப்பா அல்லது சித்தப்பா, தாய்மாமன், அத்தை, பெரியம்மா அல்லது சித்தி என்று அப்படியே பொருத்திவிடலாம். பொருத்தம் இன்னும் ஆழமானது. சித்தப்பாவுக்குள் அப்பா இருப்பதுபோல 'பத்ரூஸ்' என்ற சொல்லுக்குள் 'பாத்தெர்' இருக்கிறார். சின்னம்மாவுக்குள் அம்மா இருப்பதுபோல 'மாத்தெர்த்தெரா'வுக்குள் 'மாத்தெர்' இருக்கிறார். அந்தச் சொல்லை 'இன்னொரு தாய்' என்பதுபோல என்று விளக்கினார் பண்டைய ரோமானிய அகராதிக்காரர் ஃபெஸ்துஸ். 'அவுங்குலுஸ்' என்பதோ 'அவுஸ்' என்ற தாத்தாச் சொல்லின் சுருங்கிய வடிவம், குட்டித் தாத்தா.

இந்த வேறுபாடு வெறும் பெயரளவில் நிற்கவில்லை. ரோமில் 'பத்ரூஸ்' என்றாலே கண்டிப்புக்காரர், எதற்கும் குறை சொல்பவர் என்று ஒரு பிம்பம் இருந்தது. கி.மு. 56-இல் கேலியுஸ் என்ற இளைஞனுக்காக வாதாடிய சிசெரோ, அவன் நடத்தையைக் கடுமையாகத் தாக்கிய எதிர்த்தரப்பு வழக்கறிஞரைச் சித்தப்பா போலவும் தணிக்கை அதிகாரி போலவும் வாத்தியார் போலவும் பேசினார் என்று வர்ணிக்கிறார். கேட்டவர்கள் அனைவருக்கும் அது உடனே விளங்கியிருக்கும். சொத்துரிமைக்கும் இந்தப் பெயர்கள் தேவைப்பட்டன. 533-இல் பேரரசர் ஜஸ்தீனியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பான திகெஸ்தாவில், உறவின் படிநிலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கும் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது.

ஒரு கடிதத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ரோமானிய அறிஞர் மூத்த பிளினி இறந்தார். அந்த மரணத்தைப் பற்றி எழுதித் தருமாறு வரலாற்றாசிரியர் தாசித்துஸ் கேட்க, இளைய பிளினி பதில் எழுதினார். கடிதத்தின் முதல் வாக்கியத்திலேயே 'என் அவுங்குலுஸின் முடிவை எழுதக் கேட்கிறீர்கள்' என்ற தொடர் வருகிறது. அந்த ஒரு சொல்லால், இறந்தவர் எழுதுபவரின் தாயுடன் பிறந்தவர் என்பது ரோமானிய வாசகருக்குத் தெரிந்துவிடும். எரிமலை குமுறும்போது அந்த வீட்டில் இளைய பிளினியின் தாய் ஏன் இருந்தார் என்பதற்கும் விளக்கம் அதற்குள்ளேயே இருக்கிறது: அது அவருடைய உடன்பிறந்தவர் வீடு. இதே வாக்கியத்தை ஸ்பானிஷில் எழுதினால் 'என் தியோ' என்றுதான் வரும். அவர் அப்பாவழியா அம்மாவழியா என்பது போய்விடும். தமிழில் 'என் தாய்மாமன்' என்று எழுதினால் ஒன்றும் இழக்க வேண்டியதில்லை.

அந்த நான்கு சொற்களில் ஒன்றையும் ஸ்பானிஷ் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் 'தியோ', 'தியா' என்ற ஒரு சோடிதான். அதுவும் மூலத்தில் லத்தீனே அல்ல, 'தேயோஸ்' என்ற கிரேக்கச் சொல். ரோமானியப் பேரரசின் வீடுகளில் கிரேக்கம் பேசிய ஆசிரியர்களும் மருத்துவர்களும் அடிமைகளும் நிறைய இருந்தார்கள். அந்தச் சொல் பிற்கால லத்தீனில் 'தியுஸ்', 'தியா' என்று நுழைந்தது. இத்தாலியமும் போர்த்துக்கீசியமும் அதே சோடியை ஏற்றன. பிரெஞ்சு வேறு விதமாகத் தேர்ந்தது. தாய்மாமனின் 'அவுங்குலுஸ்', அத்தையின் 'அமித்தா' இரண்டையும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிட்டது. ஆங்கிலத்தின் அங்கிளும் ஆன்ட்டியும் பிரெஞ்சு வழியாக வந்தவையே. ஆக, தமிழ்நாட்டில் தெருவில் போகும் எந்தப் பெரியவரையும் அங்கிள் என்று கூப்பிடும் பிள்ளை, தன்னையறியாமல் அவரை ரோமானியத் தாய்மாமன் ஆக்குகிறது. ஸ்பெயினில் 'தியோ' இன்னும் ஒரு படி கீழே இறங்கி, இளைஞர்கள் பேச்சில் 'ஆளு' என்ற அளவில் புழங்குகிறது.

எளிமை வசதிதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு குழந்தைக்கு யார் கண்டிக்கலாம், யார் சீர் செய்ய வேண்டும், யார் மடியில் உரிமையோடு ஏறலாம் என்பதையெல்லாம் பெயரிலேயே சொல்லிவிடும் ஒரு வகைப்பாடு கரைந்துபோனதை ஓர் இழப்பாகவே நான் பார்க்கிறேன்.

இந்தக் கரைசல் அடுத்த தலைமுறைச் சொற்களையும் கலைத்துப்போட்டது. லத்தீனில் 'நெபோஸ்' என்றால் பேரன். காலப்போக்கில் உடன்பிறந்தாரின் மகனுக்கும் அது வழங்கியது. இத்தாலியத்தில் இன்றும் 'நிபோத்தே' இரண்டு பேரையும் குறிக்கும். போப்பாண்டவர்கள் தங்கள் உடன்பிறந்தார் பிள்ளைகளுக்குப் பதவிகளை வாரி வழங்கியதால் அந்தச் சொல்லிலிருந்து உறவினருக்குச் சலுகை காட்டும் வழக்கத்துக்கே ஒரு பெயர் பிறந்தது. ஸ்பானிஷ் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டது. பேத்தியைக் குறித்த 'நெப்திஸ்' பேச்சில் 'நெப்தா' ஆகி, 'எ' பிளந்து 'நியேத்தா' ஆனது. அதைப் பார்த்துப் பேரனுக்கு 'நியேத்தோ' உருவானது. வழக்கமாக ஆண்பாலிலிருந்து பெண்பால் பிறக்கும், இங்கே பேத்தியிடமிருந்து பேரன் பெயர் பெற்றான். உடன்பிறந்தார் மகனுக்கு 'சோப்ரீனோ' வந்தது. லத்தீனில் 'சோப்ரீனுஸ்' என்றால் இரண்டாம் தலைமுறை ஒன்றுவிட்ட சகோதரன். தள்ளி நின்ற உறவு ஒன்று வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டது.

ஒன்றுவிட்ட சகோதரனுக்கு 'ப்ரீமோ'. இதன் பொருள் 'முதலாவது'. லத்தீனில் 'கொன்சோப்ரீனுஸ் ப்ரீமுஸ்' என்றால் முதல் நிலை ஒன்றுவிட்ட சகோதரன். 'எர்மானோ'வில் நடந்ததே இங்கும் நடந்தது: பெயர்ச்சொல் போயிற்று, அடைமொழி நின்றது. கைவிடப்பட்ட 'கொன்சோப்ரீனுஸ்' பிரெஞ்சில் தேய்ந்து, ஆங்கிலத்துக்குப் போய், இன்று நாம் கசின் என்று சொல்லும் சொல்லாக நம்மிடம் வந்திருக்கிறது. அண்ணன் முறையா மாமன் மகன் முறையா என்ற கேள்வி ஸ்பானிஷில் எழவே எழாது, அனைவரும் 'ப்ரீமோ'தான்.

கணவன் மனைவிக்கான சொற்களில் வேர் தேடுவது எளிது. 'மரீத்துஸ்' என்பது 'மரீதோ' ஆனது, கணவன். 'எஸ்போசா' என்ற மனைவிச் சொல்லின் லத்தீன் மூலம் 'ஸ்போன்சா', அதாவது வாக்களிக்கப்பட்டவள், நிச்சயிக்கப்பட்டவள். நிச்சயதார்த்தத்தின் சொல் கல்யாணத்தைத் தாண்டியும் நிலைத்துவிட்டது. மாற்றாந்தாய்க்குரிய 'மத்ராஸ்த்ரா'வில் வரும் விகுதி லத்தீனில் 'உண்மையானது அல்ல, தாழ்ந்தது' என்ற சாயல் உடையது. மட்டமான கவிஞனைச் சொல்லும் ஸ்பானியச் சொல்லிலும் அதே விகுதி இருக்கிறது. சித்தியின் மேல் ஏற்றப்பட்ட அந்தப் பழி நியாயமானதல்ல, ஆனால் மொழி அதைச் சுமந்துகொண்டே வந்திருக்கிறது.

ஞானஸ்நானத்தின் வழியாகப் பிறந்த உறவுகளும் உண்டு. குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்பவர் குழந்தையின் சொந்தத் தந்தைக்கு 'கொம்பாத்ரே' ஆகிறார், 'உடன்-தந்தை'. ஸ்பானிய அமெரிக்காவில் இது சடங்கோடு நிற்பதில்லை. ஆபத்தில் உதவுவதும் கடன் கொடுப்பதும் சண்டையில் பக்கம் நிற்பதும் அந்த உறவின் கடமைகள். உடன்-தாயான 'கொமாத்ரே'யிலிருந்தே பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியின் பெயரான 'கொமத்ரோனா' வந்தது.

கடைசியாக, கல்யாணத்தால் வரும் உறவுகள். இவற்றைப் பேச ஒரு பழைய பட்டியலைத் திறக்க வேண்டும்.

'அப்பெந்திக்ஸ் ப்ரோபி' என்று அறிஞர்கள் பெயரிட்ட பட்டியல் அது. ஒரே ஒரு கையெழுத்துப் படியில் தப்பிப் பிழைத்து இப்போது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இருக்கிறது. மக்கள் பேச்சில் செய்யும் பிழைகளைத் திருத்த ஓர் ஆசிரியர் எழுதிவைத்த 227 வரிகள், எல்லாமே 'இது சரி, அது அல்ல' என்ற ஒரே அச்சில். அதில் அடுத்தடுத்து வரும் இரண்டு வரிகள்: 'நுருஸ், நுரா அல்ல', 'சோக்ருஸ், சோக்ரா அல்ல'. முதலாவது மருமகள், இரண்டாவது மாமியார். பெண்ணைக் குறிக்கும் சொற்கள் ஆண்பால் போன்ற ஈற்றோடு நின்றது மக்களுக்கு ஒட்டவில்லை, ஆகாரத்தில் முடித்துப் பெண்பாலாக்கிக்கொண்டார்கள். ஆசிரியர் தடுத்துப் பார்த்தார், நடக்கவில்லை. அவர் பிழை என்று குறித்த 'சோக்ரா'வின் அழுத்தம் பெற்ற 'ஒ' பிளந்து, நடு மெய் நெகிழ்ந்து 'சுவேக்ரா' ஆனது. இன்று ஸ்பானிஷில் மாமியார் அதுதான். மாமனார் 'சுவேக்ரோ'. 'நுரா' என்பது 'நுவேரா' ஆனது, மருமகள். ஒலி விதிப்படி 'நுரா' அப்படி மாறியிருக்கக் கூடாது. மாமியார் சொல்லின் உயிரொலி மருமகள் சொல்லில் தொற்றிக்கொண்டது என்பதே வழக்கமாகத் தரப்படும் விளக்கம். மருமகனின் லத்தீன் பெயர் 'கெனெர்'. அது 'யேர்னோ' ஆனது.

கணவனின் சகோதரனுக்கு லத்தீனில் 'லேவிர்' என்று ஒரு சொல் இருந்தது, நம் கொழுந்தன். கணவனின் சகோதரிக்கு 'க்ளோஸ்', நம் நாத்தனார். இரண்டும் மறைந்தன. அந்த இடங்களையெல்லாம் 'கோக்னாத்துஸ்' என்ற சொல் பிடித்துக்கொண்டது. இதன் நேர்ப்பொருள் 'உடன் பிறந்த', அதாவது இரத்த உறவுள்ளவன். ரோமானியச் சட்டத்தில் கல்யாண உறவினருக்கு 'அஃபீனெஸ்' என்ற வேறு சொல் உண்டு. 'கோக்னாத்துஸ்' அதற்கு நேர் எதிர். அதே சொல் ஸ்பானிஷில் 'குஞாதோ'வாக வந்து மச்சானைக் குறிக்கிறது. லத்தீனின் 'க்ன' இரண்டும் கூடி ஞகரமாயிற்று, ஆங்கிலத்தில் இல்லாத இந்த ஒலியைத் தமிழர் ஒரு தொல்லையுமின்றி உச்சரிக்கலாம். இத்தாலியத்திலும் ருமேனியத்திலும் இச்சொல்லுக்கு மச்சான் என்பதே பொருள். எனவே மைத்துனரை இரத்த உறவாக்கி அழைக்கும் வழக்கம் ரோமானியக் காலத்தின் பிற்பகுதியிலேயே பரவியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஸ்பானிஷ் சுருக்கிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மனைவியின் சகோதரி கணவனுக்கு, அதாவது சகலைக்கு, 'கொன்குஞாதோ' என்று ஒரு சொல்லைப் புதிதாகக் கட்டிக்கொண்டது. தன் மகளைக் கொடுத்த வீட்டாருக்கும் மகனுக்குப் பெண் எடுத்த வீட்டாருக்கும் 'கொன்சுவேக்ரோ' என்ற சொல் இருக்கிறது. லத்தீனின் 'கொன்சோக்கெர்' பொருள் மாறாமல் வந்து சேர்ந்த வடிவம் அது. ஆங்கிலத்தில் அதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. தமிழில் மொழிபெயர்ப்பவர் தயங்கவே வேண்டாம், சம்பந்தி என்று எழுதிவிடலாம்.